நிரலுக்கு விடுதலை, தரவுக்கு விலங்கா?

ஆலை இருந்தும் கரும்பு இல்லையேல் சர்க்கரை ஏது? கட்டற்ற மென்பொருளின் நிலையும் இன்று இதுவே. நிரலை எழுதியவர்கள் எல்லார்க்கும் உரிமையாக்கி விட்டனர். ஆனால் அந்நிரலுக்கு உணவாகும் அகராதி, நிலப்படம், பட்டியல் முதலிய தரவுக் கோப்புகள் பிறர் கையில் உள்ளன. அவற்றின் உரிமம் இடந்தராவிடில், நிரல் வெறுங்கூடே.

1993-இல் தோன்றிய டெபியன் தொகுப்பு, 1997-இல் தனக்கென ஒரு விதி வகுத்தது. எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கலாம், எத்தொழிலுக்கும் விலக்கில்லை. இவ்விதி தரவுக்கும் பொருந்தும். ஆகவே, "வணிகத்திற்கு ஆகாது" என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு எழுதிய ஒரு வரியே அவருடைய கோப்பை வாயிலில் நிறுத்திவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. இணைய முகவரி எந்நாட்டது என்று காட்டும் பட்டியல் மாக்ஸ்மைண்ட் நிறுவனத்தின் ஜியோலைட்2. முன்பு அதை எவரும் பகிரலாம். 2019 டிசம்பர் 30 முதல், கணக்குத் தொடங்கிச் சாவி பெற்றவர்க்கே என்றாயிற்று. புதிய பதிப்பு வந்தால் முப்பது நாளில் பழையதை அழிக்கவும் வேண்டும். கலிபோர்னியாவின் தனியுரிமைச் சட்டம் அதற்குக் காரணம். மக்களின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதே, நான் மறுக்கவில்லை. ஆயினும் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் ஒரு தொகுப்பு இக்கட்டளைக்கு எவ்வாறு கட்டுப்படும்?

இனி மறுபக்கம் பாருங்கள். கணிப்பொறிகளுக்கு ஊர்தோறும் நேரம் சொல்லும் நேர வலயப் பட்டியல் பொதுவுடைமை. 2011-இல் அஸ்ட்ரோலேப் என்னும் அமெரிக்கச் சோதிட மென்பொருள் நிறுவனம் அதன்மேல் வழக்குத் தொடுத்தது. பட்டியல் இருந்த தளம் மூடப்பட்டது. ஆனால் ஐகான் அமைப்பு உடனே அப்பணியை ஏற்றது. 2012-இல் வழக்கும் திரும்பப் பெறப்பட்டது. பட்டியல் ஒருவர் பெட்டியில் பூட்டிக் கிடந்திருந்தால், அதை எடுத்து நடத்த எவருக்கு உரிமை இருந்திருக்கும்?

நண்பர்களே, இது அயலார் கதையன்று. நம் மன்றத்தாரும் வட்டார வழக்குச் சொற்களையும் ஊர்ப்பெயர்களையும் தொகுக்கிறோம். உரிமம் எழுதாமல் வெளியிடுகிறோம். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, தொகுத்த பட்டியலுக்கும் பதிப்புரிமை உண்டு. மௌனம் சம்மதம் என்பது இங்கே செல்லாது! இசைவு எழுதப்படாத கோப்பை எந்தத் தொகுப்பாளரும் தொடமாட்டார்.

"உழைத்தவன் பெயர் மறையாதா?" என்று கேட்பீர்கள். மறையாது. பெயரைக் குறிப்பிடுக என்ற ஒரே நிபந்தனையோடு வழங்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருக்கிறது. அதன் நான்காம் பதிப்பை டெபியனும் ஏற்கிறது.

எனவே நான் வேண்டுவது ஒன்றே. நாம் தொகுக்கும் ஒவ்வொரு பட்டியலின் தலையிலும் தெளிவான இசைவு வரி ஒன்றை இனி எழுதுவோம். அந்த ஒரு வரி இல்லையேல், நம் உழைப்பு நம் பெட்டியிலேயே மக்கிப் போகும்.