தாய்ச் செடியும் சேய் நிரலும்



குன்னூரிலோ கோத்தகிரியிலோ தேயிலை நாற்றங்காலைப் பார்த்திருக்கிறீர்களா? தாய்ச் செடியிலிருந்து ஓர் இலையுடன் சிறு தண்டை வெட்டி, மண் நிரப்பிய பாலிதீன் பையில் நடுவார்கள். அது வேர்விட்டு, குணத்தில் தாயின் நகலாகவே வளரும். விதையிலிருந்து முளைக்கும் செடி அப்படித் தாயை முழுவதும் ஒத்திருக்காது.

கணிப்பொறியிலும் இந்த இரண்டு வழிகள் உண்டு. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த யூனிக்ஸ், தண்டு நடும் வழியைப் பின்பற்றுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ‘ஃபோர்க்’ என்று கேட்டதும் அதன் நகல் ஒன்று தோன்றும். முன்னது தாய், பின்னது சேய். நீங்கள் தட்டும் கட்டளைகளில் பெரும்பாலானவை இப்படிப் பிறக்கும் சேய்களே. யூனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸில் இதற்குச் செலவு மிகக் குறைவு. நினைவகத்தைத் தாயும் சேயும் பொதுவில் வைத்துக்கொள்ளும். ஒன்று எதையாவது மாற்றி எழுதும்போதுதான் அந்தப் பக்கம் மட்டும் பிரதியாகும்.

விண்டோஸில் புதிய நிரல் விதையிலிருந்து முளைப்பதுபோலப் புதிதாகவே தொடங்கும். 1995-ல் தோன்றிய சிக்வின், விண்டோஸின் மேல் யூனிக்ஸைப்போல நடந்துகாட்டும் சூழல். அது என்ன செய்கிறது? புதிய நிரல் ஒன்றைத் தொடங்கி, தாயின் நினைவகத்தை அதற்குள் நகலெடுக்கிறது. முளைத்த நாற்றை இலை இலையாகத் திருத்தித் தாயைப்போல் ஆக்குவதற்கு ஒப்பான வேலை! அதனால் தாமதமாகிறது, சில சமயம் தோற்றும் போகிறது.

இது சிக்வினின் குற்றமன்று, மண் வேறு. ஆனால் அதில் மட்டும் பழகிய மாணவர், ‘யூனிக்ஸே மந்தம்’ என்றோ ‘எனக்கு நிரல் எழுத வரவில்லை’ என்றோ முடிவுகட்டிவிட்டால்? அதுதான் பெரிய நஷ்டம். ஆகவே, போலியில் பழகினாலும் அசலையும் ஒருமுறை பார்த்தே தீரவேண்டும் என்பது என் கருத்து.

வசதி இல்லையே என்கிறீர்களா? 2011-ல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில், விண்டோஸுடன் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. உங்கள் அக்காளோ அண்ணனோ பெற்ற அத்தகைய கணினி வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதைத் தட்டி எழுப்புங்கள். லினக்ஸில் ‘பி-எஸ்-ட்ரீ’ என்ற கட்டளையைக் கொடுங்கள். 1-ஆம் எண் நிரல் வேராக நிற்க, தாய், சேய், பேரன் எனக் குடும்ப மரம் திரையில் விரியும். அதே வேலையைச் சிக்வினிலும் செய்து, நேரத்தை ஒப்பிடுங்கள். பிறகு சொல்லுங்கள், குறை செடியிலா, மண்ணிலா?