மனு நொடியில் ஏறுகிறது, தகவல் எப்போது வரும்?

மின்னணுத் தாக்கல் வந்தால் நீதி வீட்டு வாசலுக்கே வந்துவிடும் என்கிறார்கள். இ-கோர்ட்ஸ் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டு மாவட்ட நீதிமன்றங்களில் இ-ஃபைலிங் கட்டாயம் என்றபோது, வசதிகள் போதாது என்று வழக்குரைஞர்கள் நீதிமன்றப் புறக்கணிப்பு வரை போனார்கள். அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. வழக்குக்காக அலைபவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பிலும் தக்காளிக் காட்டிலும் கூலிக்குப் போகும் ஒரு தலித் குடும்பம் வன்கொடுமை வழக்கு நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். புகார் நகல், சாதிச் சான்றிதழ், மருத்துவமனைச் சீட்டு எல்லாம் பிடிஎஃப் ஆக வேண்டும். ஊரில் ஸ்கேன் எடுக்கும் கடை யாருடையது? ஆய்வுக்காக நான் சந்தித்த ஓர் அம்மா சொன்னார்: "கடைக்காரரு எங்க தோட்டத்துக்காரருக்குச் சொந்தம் கண்ணு. காயிதத்தக் குடுத்துப்போட்டு நா ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள அவியளுக்குத் தெரிஞ்சுரும்." அவர் ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்தேறிப் பொள்ளாச்சிக்குப் போய் ஸ்கேன் எடுத்தார். சாதி ஊரில் கணினிக்கும் சாதி உண்டு.

இன்னொரு பக்கம் பாருங்கள். குற்றவாளித் தரப்பின் ஜாமீன் மனு கோவையில் உள்ள அலுவலகத்திலிருந்து இரவோடு இரவாக ஏறிவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜாமீன் உட்பட ஒவ்வொரு நடவடிக்கை குறித்தும் பாதிக்கப்பட்டவருக்கு உரிய நேரத்தில் தகவல் தர வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது அது. இது வெறும் சம்பிரதாயமல்ல, கட்டாயம் என்று 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் குற்ற வழக்கை நடத்துவது அரசு. பாதிக்கப்பட்டவர் அதில் கட்சிக்காரர் அல்ல. வழக்குரைஞரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்த அமைப்புக்கு, அடிபட்டவரின் எண் தெரியாது. அவருக்கான தகவல் இன்னமும் காவலர் வந்து சொன்னால்தான் உண்டு. மனு மின்சார வேகத்தில் போகிறது. உரிமை நடந்து வருகிறது.

அதற்காக மீண்டும் காகிதக் கட்டுக்கே திரும்பச் சொல்லவில்லை. இயந்திரத்தைப் பழித்த காந்தியத்தை அண்ணல் அம்பேத்கர் ஏற்கவில்லை. கோளாறு இயந்திரத்தில் இல்லை, அதன் பலனைச் சிலருக்கே ஒதுக்கும் சமூக அமைப்பில் இருக்கிறது என்றார். நம் கேள்வியும் அதுதான்.

ஆகவே கேட்போம். வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் எண்ணையும் பதிவு செய்யுங்கள். ஜாமீன் மனு ஏறிய நிமிடமே தமிழில் குறுஞ்செய்தியும், படிக்கத் தெரியாதவருக்குக் குரல் அழைப்பும் போகட்டும். அது போனதற்கான பதிவு இல்லாத மனுவை விசாரணைக்கு எடுக்காதீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், வருமான வரம்பு பார்க்காமல் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி தருகிறது. ஸ்கேன் எடுப்பதும் பதிவேற்றுவதும் அந்த உதவிக்குள் வரட்டும். அதுவரை, கையில் காகிதத்தோடு வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.