சாம்ராஜ்யங்களுக்கு ஜாதகம் எழுதுவோர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தை ஒட்டிய ஒரு மண்டபத்தில், தொழிலாளர்களுக்காகவும் சிறு உற்பத்தியாளர்களுக்காகவும் அண்மையில் நடந்த கூட்டமொன்றில், அமெரிக்கா நம் ஏற்றுமதிப் பொருள்கள்மீது விதித்த வரியைப் பற்றி விளக்குவதற்காக அழைக்கப்பட்டிருந்த ஒருவர், அந்த வரியைப் பற்றிப் பயனுள்ள வார்த்தை ஒன்றேனும் சொல்லாமல், சாம்ராஜ்யங்களின் ஆயுட்காலம் 250 ஆண்டுகளே என்றும், 1776இல் சுதந்திரப் பிரகடனம் செய்த அமெரிக்காவுக்கு 2026ஆம் ஆண்டோடு அந்தக் கணக்கு முடிகிறதென்றும், ஏறினவன் இறங்கியே தீரவேண்டும் என்பது உலக நியதியாதலால் நாம் பதற்றமடைய வேண்டியதில்லை என்றும் சொல்லி அமர்ந்தபோது, மண்டபம் அதிரக் கரகோஷம் எழுந்தது. கைதட்டியவர்களில் உருக்காலைகளில் பொறுப்பு வகிப்பவர்களும், பழவேற்காடு ஏரிக்கரையில் இறால் பண்ணை நடத்துகிறவர்களும் இருந்தார்கள். ஒரு லாரி ஸ்கிராப் இரும்பை எடைமேடையில் ஏற்றி இறக்கிச் சரிபார்க்காமல் காசு கொடுக்காத இந்த மனிதர்கள், முப்பத்து மூன்று கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் வாழும் ஒரு தேசத்தின் மரணத் தேதியை மட்டும் எந்த ஆதாரமும் கேளாமல் ஏற்றுக்கொண்டார்களே என்ற ஆற்றாமைதான் இந்தக் கட்டுரையை எழுதவைக்கிறது.

இந்த 250 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஜோர்டானில் அரபுப் படைக்குத் தலைமை தாங்கி 1956இல் பதவியிலிருந்து நீக்கப்பட்ட சர் ஜான் கிளப் என்ற ஆங்கிலேயத் தளபதி, தம் நாட்டின் சாம்ராஜ்யம் தம் கண்ணெதிரே கரைந்துபோனதைக் கண்ட பிறகு, 1970களில் எழுதிய ஒரு சிறு நூலிலிருந்து வந்தது. அதில் அவர் கொடுத்திருக்கும் அட்டவணையைப் படித்தவர் எவரும் அதன்பின் அந்த எண்ணை உச்சரிக்கக் கூசுவர். துருக்கிய உதுமானியரின் காலத்தை 1320இல் தொடங்கி 1570இல் முடித்துவிடுகிறார். அவர் முடித்துவைத்ததற்கு நூறாண்டுகளுக்குப் பிறகு, 1683இல், அதே உதுமானியரின் சேனை வியன்னா நகரத்தை முற்றுகையிட்டு நின்றது. அவர்களுடைய சுல்தான் பதவி ஒழிந்தது 1922இல். ரோமாபுரியைக் குடியரசு ஒன்று, பேரரசு ஒன்று என இரண்டாகப் பிளந்து, பேரரசுக்குக் கி.பி. 180இல் முற்றுப்புள்ளி வைக்கிறார். காண்ஸ்டாண்டிநோபிளில் 1453 வரை ஆண்ட கிழக்கு ரோமாபுரிக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. விஜயாலயன் தஞ்சையைப் பிடித்த காலம் முதல் 1279இல் மூன்றாம் ராஜேந்திரனோடு முடிந்தது வரை நானூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த நம் சோழர்களை அவர் கேள்விப்பட்டிருந்தாரோ இல்லையோ, கணக்கில் சேர்க்கவில்லை. பிறந்த நேரத்தையும் இறந்த நேரத்தையும் தம் விருப்பப்படி திருத்திக்கொண்டு ஜாதகம் கணிக்கும் சோதிடரை நாம் மோசக்காரர் என்கிறோம். அதையே தேசங்களுக்குச் செய்தவரைச் சரித்திர ஞானி என்று மேடையில் ஏற்றுகிறோம்.

சரித்திரம் வேண்டுமென்றால் தொலைதூரம் போகவேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரிக்குப் போய், அங்கிருந்து கிழக்கே திரும்பினால் பழவேற்காடு வந்துவிடும். 1613இல் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையெங்கும் பரந்த தன் வியாபாரத்துக்கு அதைத் தலைமையிடமாக்கியது. இங்கே நெய்து சாயமிட்ட துணியைக் கொண்டுபோய் மொலுக்காஸ் தீவுகளில் கொடுத்து, அதற்கு ஈடாகக் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். வெடிமருந்தும் இங்கே தயாரானது. ஏழை எளிய ஜனங்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டதும் இதே கரையிலிருந்துதான். (ஒல்லாந்தரைப் போற்றுவது என் நோக்கமன்று என்பதற்கு இந்த ஒரு பாதகமே போதும்.) இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதருமே எஞ்சியிருக்க, தொல்லியல் துறையின் பராமரிப்பிலுள்ள ஒல்லாந்தர் கல்லறை மட்டும் நிற்கிறது. அதன் வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்கள். உள்ளே குலச் சின்னங்களும் ஒல்லாந்த எழுத்துகளும் புடைப்பாக வெட்டப்பட்ட கனத்த பலகைக் கற்கள். அங்கே வருகிற ஒவ்வொரு கல்விச் சுற்றுலாவிலும் யாரேனும் ஒருவர் அந்த எலும்புக்கூட்டைச் சுட்டிக்காட்டி, கடலாண்ட வல்லரசின் கதி இதுதான், அமெரிக்காவின் கதியும் நாளை இதுதான் என்று மாணவர்களுக்கு உபதேசம் செய்கிறார்.

ஒல்லாந்தின் கதி உண்மையில் என்னவாயிற்று என்பதை அந்த மாணவர்களுக்குச் சொல்வார் யாருமில்லை. தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவே உள்ள அந்த நாடு, தன் நிலத்தில் நாலில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிற அந்த நாடு, இன்று உலகத்தின் செல்வ தேசங்களுள் ஒன்றாக இருக்கிறது. ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகம் அதன் ராட்டர்டாம் நகரில் இருக்கிறது. கைப்பேசிக்கும் கணினிக்கும் உயிர்நாடியான மிக நுண்ணிய சில்லுகளை அச்சிடும் இயந்திரத்தை உலகத்திலேயே செய்யத் தெரிந்த ஒரே நிறுவனமான ஏஎஸ்எம்எல், 1984இல் அங்கே தொடங்கப்பட்டது. அமெரிக்காவும் சீனாவும் அந்த இயந்திரத்துக்காக இன்று மல்லுக்கட்டுகின்றன. 1949இல் இந்தோனேசியாவின் சுதந்திரத்தை அங்கீகரிக்க நேர்ந்தபோது, தீவுகள் போனால் நாடே பாழாகும் என்று ஒல்லாந்தர்களே அரற்றினார்கள். பாழாகவில்லை, அடுத்த இருபது ஆண்டுகளில் முன்னெப்போதும் காணாத சுபிட்சத்தைக் கண்டார்கள். 1953இல் கடல் உட்புகுந்து 1,800க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, கடலுக்கு முன் மனிதன் எம்மாத்திரம் என்று கைகட்டி நின்றுவிடாமல், அணைகளும் மதகுகளுமாக நாற்பதாண்டுகளுக்கு மேல் கட்டினார்கள். எலும்புக்கூட்டைக் காட்டுகிற விரல் ராட்டர்டாமை ஏன் காட்டுவதில்லை என்று கேட்கிறேன்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தின் கை தளர்ந்தது ஏன் என்று பார்த்தாலும், அங்கேயும் கிரகசாரம் எதுவும் இல்லை. 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். அது மேலிடம் எடுத்த தீர்மானம். கம்பெனியின் காரியஸ்தர்கள் எஜமானின் வியாபாரத்தைவிடத் தங்கள் சொந்த வியாபாரத்தில் அதிக சிரத்தை காட்டினார்கள். லாபம் குறைந்த காலத்திலும், கடன் வாங்கியேனும் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை கொடுத்தார்கள். 1780இல் ஆங்கிலேயரோடு மூண்ட யுத்தம் கப்பல்களையும் கஜானாவையும் ஒருங்கே காலிசெய்தது. மறு ஆண்டே நாகப்பட்டினம் பறிபோயிற்று. 1799ஆம் ஆண்டின் கடைசி நாளோடு கம்பெனி கலைந்தது. 1824இல் கையெழுத்தான உடன்படிக்கைப்படி மறு ஆண்டு பழவேற்காடு ஆங்கிலேயர் வசமாயிற்று. இதில் ஒவ்வொரு படியிலும் ஒரு மனிதன் இருக்கிறான், ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது, ஒரு கையொப்பம் இருக்கிறது. அழிந்தது ஒரு கம்பெனி. அதைப் பெற்ற தேசம் அழியவில்லை. ஒல்லாந்து ஒன்றே போதும், இந்தச் சித்தாந்தத்தைக் குழிதோண்டிப் புதைப்பதற்கு.

நம்மவர்களுக்கு இந்தச் சித்தாந்தம் இத்தனை இனிப்பாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. இதே திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905இல் கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேடுகளைப் பற்றிப் பேசும்போது நெஞ்சு நிமிர்கிறோம். கடாரம் வரை கப்பல் போன கதையைச் சொல்லி மகிழ்கிறோம். அந்த அரசு ஏன் வீழ்ந்தது என்று கேட்டால் மட்டும் காலச் சக்கரம் சுழன்றது என்கிறோம். சக்கரமா சுழன்றது? தனக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசர்களைத் தன்னைவிடப் பெரிதாக வளரவிட்ட அரசு, கடைசியில் தன் சக்கரவர்த்தியையே, மூன்றாம் ராஜராஜனையே, சேந்தமங்கலத்தில் கோப்பெருஞ்சிங்கன் சிறைவைப்பதைப் பார்க்கும் நிலைக்கு வந்தது; அவனை மீட்க ஹொய்சளரின் படை வரவேண்டியிருந்தது. அதைக் காலத்தின் கணக்கில் எழுதிவிட்டால், நம்முடைய முன்னோர் செய்த பிழையைப் பற்றிப் பேசும் சங்கடமிராது. செல்வம் வண்டிச் சக்கரம்போல் உருளும் என்று நாலடியாரே சொல்லவில்லையா என்று சிலர் என்னிடம் வாதாடியதுண்டு. அந்தச் செய்யுளை முழுதும் படித்தவர்கள் அப்படி வாதாட மாட்டார்கள். இருக்கிறபோதே பலரோடு பகிர்ந்து உண் என்று ஏவுவதற்காக எழுந்த செய்யுள் அது. சமண முனிவர்கள் ஒருவனைக் காரியம் செய்யத் தூண்டியதை, நாம் காரியம் செய்யாமல் இருப்பதற்குச் சாக்காகப் பிடித்துக்கொண்டோம்.

இந்தச் சாக்கு எத்தனை கொடியது என்பது கும்மிடிப்பூண்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2008 நவம்பரில் தொடங்கிய மின்வெட்டில், உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு 40 சதவீத மின்சாரம் குறைக்கப்பட்டது. ஸ்கிராப்பை உருக்கும் இண்டக்ஷன் உலையில் பாதி ஹீட்டில் கரண்ட் போனால், உருகிய இரும்பு மூசைக்குள்ளேயே இறுகிப்போகும். அதை உடைத்தெடுத்து லைனிங்கைப் புதிதாகப் போடும் வரையில் உலை கிடையில் கிடக்கும். அன்றைய கூலிக்காரனுக்கு அன்றைய கூலி இல்லை. தமிழகத்தின் தொழில் யுகமே முடிந்துவிட்டது, ஆலைகளெல்லாம் ஆந்திரத்துக்கும் குஜராத்துக்கும் போய்விடும், இனி எழமாட்டோம் என்று அப்போது சொல்லாதவர் யார்? காரணமோ, காலத்தில் கட்டி முடிக்காமல் இழுத்தடித்த மின்நிலையங்கள். 2012 முதல் வல்லூரிலும், பிறகு வட சென்னையின் இரண்டாம் கட்டத்திலும், இந்த மாவட்டத்து மண்ணிலேயே அனல் மின்நிலையங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்க, 2015இல் கட்டுப்பாடு நீங்கியது. யுகம் முடியவில்லை, உலைகள் இன்றும் எரிகின்றன. (அந்த நிலையங்களின் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிவதும் மனிதர்கள் செய்கிற காரியமே, அதையும் வளர்ச்சியின் விதி என்று சொல்வோரை நான் இதே வரிசையில் நிறுத்துகிறேன்.)

கும்மிடிப்பூண்டியில் 1990 முதல் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. ஆசியாவிலேயே முன்னேறிய நாடுகளுள் ஒன்றாக 1948இல் சுதந்திரம் பெற்ற இலங்கை, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அறிவித்ததற்கு எந்தச் சக்கரம் காரணம்? 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. 1956இல் சிங்களம் மட்டுமே என்ற சட்டத்தை அதே பாராளுமன்றம் நிறைவேற்றியது. 2019இல் வரியை வெட்டியதும், 2021இல் ரசாயன உரத்தை ஒரே உத்தரவில் தடுத்ததும் பெயர் சொல்லக்கூடிய ஆட்சியாளர்கள். முகாமின் தகரக் கூரைக்கடியில் முப்பதாண்டுகளுக்கு மேலாகக் குடியிருப்பவரிடம் போய், தேசங்களுக்கு ஏற்றமும் இறக்கமும் இயற்கை என்று சொல்ல, அந்தக் கூட்டத்தில் கைதட்டிய எவருக்கு நா எழும்?

அமெரிக்காவுக்கு எத்தனை முறை மரணத் தேதி குறித்தாயிற்று! 1957இல் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியபோது குறித்தார்கள்; 1975இல் சைகோன் வீழ்ந்தபோது குறித்தார்கள்; 1987இல் பால் கென்னடி வல்லரசுகளின் ஏற்றத்தாழ்வைப் பற்றிய நூலை வெளியிட்டபோது, அடுத்த நூற்றாண்டு ஜப்பானுடையதே என்று பத்திரிகைகள் அடித்துச் சொல்லின. 1989இன் இறுதியில் உச்சத்தைத் தொட்ட டோக்கியோ பங்குச் சந்தை மறு ஆண்டே சரிந்து, மீண்டும் அந்த உயரத்தை எட்ட 2024 வரை காத்திருந்தது. அமெரிக்கா வீழவே வீழாது என்று நான் சொல்லவில்லை. அது வீழுமானால், வீழ்த்திய மனிதர்களின் பெயரும், அவர்கள் கையெழுத்திட்ட தேதியும் இருக்கும் என்கிறேன். 2025 ஆகஸ்ட் 27இல் நம் பொருள்கள் பலவற்றின்மீது 50 சதவீதமாக உயர்ந்த அந்த வரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: அது ஒரு ஜனாதிபதியின் உத்தரவு. வரி விதிக்கும் அதிகாரத்தை அந்நாட்டு அரசியல் சட்டம் காங்கிரஸுக்கே அளித்திருக்கிறதென்று காட்டி, அந்நாட்டின் சிறு வியாபாரிகளே வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தங்கள் நாட்டுக்கு 250 வயது நிறைகிறதே, இனி என்ன செய்வது என்று அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை.

நம் ஏரிக்கரை இறால் பண்ணைக்காரரோ உட்கார்ந்திருக்கச் சொல்லிக்கொடுக்கப்படுகிறார். அமெரிக்கச் சந்தை அடைபட்டால் வேறு எந்தச் சந்தைக்கு என்ன தரச் சான்று வேண்டும், வங்கிக் கடனின் தவணையைத் தள்ளிவைக்க எங்கே விண்ணப்பிப்பது என்று அவர் கேட்க வந்த கேள்விக்கு அந்த மேடையில் விடையில்லை. அவருக்குப் பக்கத்துக் கிராமத்து மீனவர்கள், ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைபடும்போதெல்லாம் இதே பதிலைத்தான் கேட்டார்கள்: கடலின் இயற்கை, என்ன செய்வது என்று. அவர்கள் அந்தப் பதிலை ஏற்கவில்லை. தூர்வார இயந்திரம் கேட்டார்கள், நிரந்தரத் தடுப்புச் சுவர் கேட்டார்கள், படகுகளை நிறுத்திவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள், ஆண்டுக்கணக்கில் மனுக்கொடுத்தார்கள். அடுத்த கூட்டத்துக்குப் பேச்சாளர் வேண்டுமென்றால், ஏற்பாட்டாளர்கள் அந்த மீனவர்களில் ஒருவரை அழைக்கட்டும்.