527 மீட்டர் ஓடுபாதை

நேபாளத்தின் லுக்லா விமான நிலையத்தில் ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர்தான். ஒரு முனையில் அதலபாதாளம். மறு முனையில் மதில், அதன் பின்னால் மலை.

2008 அக்டோபர் 8 அன்று, காத்மாண்டுவிலிருந்து வந்த எட்டி ஏர்லைன்ஸின் ட்வின் ஓட்டர் என்ற சிறிய விமானம் மூடுபனிக்குள் இறங்க முயன்று, ஓடுபாதையை எட்டுமுன் பாறையில் மோதித் தீப்பிடித்தது. இருந்த 19 பேரில் 18 பேர் மாண்டனர். எவரெஸ்ட் அடிவாரத்துக்கு நடைப்பயணம் வந்த ஜெர்மானியர்களே அதில் அதிகம். பிழைத்தவர் தலைமை விமானி ஒருவர் மட்டும்.

பழியை மூடுபனியின் தலையில் போடுவது சுலபம். ஆனால், இமயமலையில் மேகம் சூழ்வது புதிய செய்தியா? பெரிய விமான நிலையங்களில் பாதை தெரியாதபோதும் விமானத்தைத் தரைவரை வழிநடத்தும் கருவிகள் உண்டு. லுக்லாவில் விமானியின் கண்தான் கருவி. கடைசி நொடியில் மீண்டும் மேலெழும்பவும் மலை இடம் தராது. திரும்பிவிடும் முடிவைப் பள்ளத்தாக்கில் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். அப்படித் திரும்பும் விமானியிடம் நிறுவனம் எரிபொருள் கணக்கோ, பயணிகள் நாள் கணக்கோ கேட்கக் கூடாது.

2017 மே 27 அன்று, அதே லுக்லாவில் ஒரு சரக்கு விமானமும் ஓடுபாதையை எட்டாமல் விழுந்தது. விமானிகள் இருவரும் இறந்தனர்.