ஜாதகமா, மார்க்கா?

மீன்சுருட்டிப் பக்கத்துத் தோழர்களே! பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும், பிள்ளைக்குக் காலேஜில் இடம் கிடைக்குமா என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுவது என்ன புத்தி என்று கேட்கிறோம். இஞ்சினீயர் படிப்புக்குக் கணக்கு மார்க் 100க்கும், பௌதிகம், ரசாயனம் ஒவ்வொன்றும் 50க்குமாக 200க்குக் கூட்டுங்கள். கேட்கும் காலேஜில், உங்களுக்குரிய வகுப்புவாரிப் பங்கில், போன வருஷம் கடைசியாக இடம் பெற்ற மார்க்கோடு ஒத்துப் பாருங்கள். வாய்ப்பு தெரிந்துவிடும். இதில் சனிக்கும் குருவுக்கும் என்ன வேலை?

2020ல் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு வைத்தியப் படிப்பில் 7.5 சதவீதம் ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். முன் வருஷம் விரல்விட்டு எண்ணத்தக்க பேரே நுழைந்த இடத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் நுழைந்தார்கள். அவ்வருஷம் அத்தனை பேர் ஜாதகமுமா மாறிற்று? சட்டமல்லவோ மாறிற்று! ஆகவே, இடம் கிடைக்காதவர்கள் தலையெழுத்தை நொந்துகொள்ளாமல், கதவடைத்தது எந்த ஏற்பாடு என்று கேட்கவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.