மலையகக் குழந்தைக்கு இருமொழிப் படநூல்

ஒரு பக்கத்திலே தாய்மொழி, எதிர்ப்பக்கத்திலே ஆங்கிலம், இரண்டுக்கும் பொதுவாக ஒரு படம்: இவ்வகைக் குழந்தை நூல்கள் இன்று நாடுகள் பலவற்றிலும் வெளிவருகின்றன. ஆபிரிக்காவிலே உகண்டா நாட்டுக் குழந்தைகளுக்கு லுகண்டா மொழியும் ஆங்கிலமும் இணைந்த படநூல்கள் உள. சென்னையில் 1996ஆம் ஆண்டு தோன்றிய தூலிகா பதிப்பகம் தமிழையும் ஆங்கிலத்தையும் இணைத்துப் படநூல்களை வெளியிட்டு வருகின்றது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் வாழும் நம் தோட்டத்துப் பெற்றோரும் தம் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றல் வேண்டுமென்று பெரிதும் விழைகின்றனர். அவ்விழைவுக்கு இந்நூல்கள் ஏற்ற துணையாகும். அத்துணை நல்ல துணையாதற்கு, நூலிலே தமிழ் எந்த இடத்தைப் பெறுகின்றது என்பதை நாம் முதலிற் பார்த்தல் வேண்டும்.

இருமொழி நூல் தமிழுக்குப் புதியதன்று. தமிழ்மொழியில் முதன்முதல் அச்சேறிய நூலே இருமொழி நூல்தான். 1554ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் அச்சான அச்சிறு சமய நூலிலே தமிழ் உரோம எழுத்தில் எழுதப்பட்டுப் போர்த்துக்கேய மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. தமிழோசை அந்நூலில் உண்டு, தமிழெழுத்து இல்லை. தமிழெழுத்து மட்டும் அறிந்த பிள்ளையின் கையில் அதனைக் கொடுத்தால், தன் மொழியையே அப்பிள்ளை தன் கண்ணால் அடையாளங் காணமாட்டாது.

இதற்கு ஒரு நூற்றாண்டின் பின், 1658இல், நியூரம்பேர்க் நகரிலே கொமேனியஸ் என்னும் கல்வியறிஞர் வேறொரு நூலை வெளியிட்டார். இலத்தீன், ஜேர்மன் என்னும் இரு மொழிகளும் அதில் அருகருகே நின்றன. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு படம். படத்திலுள்ள பொருள்களுக்கு எண்கள். அதே எண்கள் இரு மொழிச் சொற்களுக்கும் இடப்பட்டிருந்தன. பிள்ளை முதலிற் பொருளைக் கண்டது. பின்பு தான் வீட்டிலே பேசும் சொல்லைக் கண்டது. அதன் பின்பு பிறமொழிச் சொல்லை அடைந்தது. கண்ட பொருளிலிருந்து காணாத சொல்லுக்குச் செல்லும் இந்நெறியே இன்றும் படநூலின் உயிர்நிலை என்க.

அங்ஙனமாயின் மலையகக் குழந்தை கண்ட பொருள் எது? பனிமூட்டத்தின் நடுவே நீண்டு கிடக்கும் லயம், அதிலே தன் வீடாகிய காம்பரா, தாய் மலைக்குச் செல்லும்போது தன்னை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவம், முதுகிலே தொங்கும் கொழுந்துக் கூடை, கொழுந்தை நிறுக்கும் மடுவம், விடியற்காலைப் பிரட்டு, கவ்வாத்து வெட்டியபின் மொட்டையாய் நிற்கும் தேயிலைச் செடி. பனி விழும் நாட்டின் குழந்தைக்கென வரைந்த பனிமனிதன் படத்தைக் காட்டி இரண்டு மொழியிலும் பெயர் சொன்னால், இக்குழந்தை இரண்டு சொல்லையும் மனனம் செய்யுமேயன்றி ஒன்றனையும் உணராது. மேற்சொன்னவற்றின் படங்களைக் காட்டினாலோ, தமிழ்ச்சொல் தானே அதன் நாவில் எழும். ஆங்கிலச் சொல் அதன் கைபிடித்து வரும்.

காம்பரா, பிரட்டு முதலியன கொச்சைச் சொற்கள், அவற்றை நூலில் ஏற்றல் தகாது என்பார் நம்மிடையே உளர். காம்பரா போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது என்பது உண்மையே. எனினும் தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்து, நிலந்தோறும் வழங்கும் சொல்லுக்கும் இலக்கணத்தில் இடம் தந்தார். செய்யுளுக்கே ஏற்புடைய திசைச்சொல் குழந்தையின் படநூலுக்கு ஆகாதென்பது எவ்வாறு பொருந்தும்? மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டித் தந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் இம்மக்கள் வாழ்வை ஆங்கிலத்திலும் பாடியவர். அவ்வாங்கிலக் கவிதை சக்தீ பால ஐயாவின் கைவண்ணத்தால் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாயிற்று. இரு மொழிகள் தேயிலை மலையிலே ஒப்ப நிற்றல் கூடும் என்பதற்கு நம்மவரே இவ்வாறு சான்று தந்துள்ளனர். குழந்தைகளுக்கும் அத்தகைய நூல்கள் வேண்டும்.

இனி, நூலின் மொழிநடையை நோக்குவோம். ஆங்கிலத்தில் எழுதி முடித்த கதைக்குச் சொல்லுக்குச் சொல் தமிழ் வைப்பதே இருமொழி நூல் என்னும் எண்ணம் பெரும் பிழை. மழை பெய்வதைச் சொல்ல ஆங்கிலத்துக்குப் பொருளற்றதொரு சுட்டுச்சொல் எழுவாயாக வேண்டும். அதனைப் பார்த்து, ‘அது மழை பெய்துகொண்டிருக்கிறது’ என்று எழுதினால், எது பெய்கிறது என்று குழந்தை வானத்தைப் பார்த்து வினவும். ‘தயவுசெய்து உன் காலணிகளை அணிந்துகொள்’ என்று எந்தத் தாயும் மகனிடம் சொல்லியதில்லை. ‘செருப்பைப் போட்டுக்கொள், கண்ணு’ என்பதே தாயின் தமிழ். மாமன், சிற்றப்பன், பெரியப்பன் ஆகிய மூவரையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் அழைக்கும். தமிழ்க் குழந்தைக்கு அம்மூவரும் மூன்று உறவினர். இவ்வேறுபாடுகளை அழித்த தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தின் நிழலாகிவிடும். அதிலும் தமிழ் எழுத்தைச் சிறிதாக்கிப் பக்கத்தின் அடியிலே ஒதுக்கிவிட்டால், எம்மொழி உயர்ந்தது, எம்மொழி தாழ்ந்தது என்னும் பாடத்தைக் குழந்தை ஒருவரும் கற்பிக்காமலே கற்றுக்கொள்ளும்.

மலையகத்திலே இது பெரிதும் கருதத்தக்கது. 1945இல் இலவசக் கல்வி நாட்டிற்கு வந்தபோது, தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப்பயனையும் பெறவில்லை. 1970களின் பிற்பகுதி தொடங்கியே அவை பெருந்தொகையாக அரசின் பொறுப்பில் வந்தன. ஆகவே பல காம்பராக்களிலே ஆங்கிலம் வாசிக்கத்தக்க பெரியவர் இலர். நாளெல்லாம் கொழுந்து பறித்து மாலையில் மீளும் தாய் அப்படநூலைப் பிள்ளையோடு அமர்ந்து படிக்க வேண்டுமானால், அவள் நுழைவதற்குள்ள வாயில் தமிழ்ப் பக்கம் ஒன்றே. அப்பக்கம் அவள் பேசும் தமிழாக இல்லையெனின், அந்நூல் தாயையும் பிள்ளையையும் பிரித்துவிடும்.

ஆங்கிலமே முன்னேற்றத்தின் வழி, தமிழுக்கு இத்துணை அக்கறை எதற்கு எனச் சிலர் வினவுவர். மருத்துவமும் சட்டமும் பொறியியலும் கற்றுத் தோட்டத்துப் பிள்ளை மேலுயர ஆங்கிலம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தாய்மொழியில் எழுத்தறிவைத் தொடங்குதலே நன்று என்று யுனெஸ்கோ நிறுவனம் 1953லேயே எடுத்துரைத்தது. ஆங்கிலேயராட்சியில் இருந்து 1962இல் விடுதலை பெற்ற உகண்டாவும், 2007 முதலாக, முதல் மூன்று வகுப்புகளைப் பெரும்பாலும் அவ்வவ்விடத்து மொழியிலே நடத்தி, நான்காம் வகுப்பிலே ஆங்கிலத்துக்குச் செல்லும் திட்டத்தை மேற்கொண்டது. அங்கே லுகண்டாப் படநூல் ஆங்கிலத்துக்குத் தடையாகக் கருதப்படவில்லை, படியாகவே கருதப்பட்டது.

இன்னுமொன்று கூறல் வேண்டும். நம் நாட்டிலே இருமொழி நூல் என்றவுடன் ஆங்கிலத்தையே நினைத்தல் போதாது. ஹற்றன் கடைவீதியிலும் பேருந்திலும் மருத்துவமனையிலும் நம் பிள்ளைகள் நாள்தோறும் கேட்பது சிங்களம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்புமொழி என்றது. ஆயினும் அயலாரின் மொழியை அன்போடு அறியச் செய்வது சட்டத்தால் ஆவதன்று. குழந்தைக் கதையால் ஆவது. சிபில் வெத்தசிங்க அம்மையார் எழுதி வரைந்த ‘குட ஹொரா’ என்னும் குடைக்கள்வன் கதை, சிங்களம் மட்டும் சட்டம் பிறந்த அதே 1956ஆம் ஆண்டில் வெளிவந்தது. குடையைத் திருடும் குரங்கின் கதை அது. மழையும் குடையும் குரங்கும் மலையகப் பிள்ளைக்குப் புதியனவா? இத்தகைய கதைகள் சிங்களமும் தமிழும் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்க அச்சாகி, கண்டிச் சிங்களப் பிள்ளையின் கையிலும் கொட்டகலைத் தமிழ்ப் பிள்ளையின் கையிலும் இருத்தல் வேண்டும்.

இதனைத் தொடங்கப் பெரும் பொருளை எதிர்நோக்கிக் காத்திருத்தல் வேண்டா. ஆபிரிக்காவில் 2014இலும் பெங்களூரில் 2015இலும் தொடங்கிய கதைத் திட்டங்கள், எவரும் எடுத்து மொழிபெயர்த்து அச்சிட்டுக்கொள்ளும் உரிமையுடன் படக்கதைகளை இலவசமாக வழங்குகின்றன. அவற்றை மாதிரியாகக் கொள்ளலாம். கதைப்பொருள் நம்மிடமே உண்டு. பத்தனைக் கல்வியியற் கல்லூரியிலே பயிலும் இளம் ஆசிரியர்கள் தத்தம் தோட்டத்துப் பாட்டிமாரிடம் கதையும் விடுகதையும் தாலாட்டும் கேட்டு எழுதலாம். மாணவர் படம் வரையலாம். ஆங்கில ஆசிரியரும் சிங்கள ஆசிரியரும் எதிர்ப்பக்கத்தை நிரப்பலாம். கையெழுத்துப் படியாக ஒரு வகுப்பறையில் இருந்தாலும் அது நூலே.

அவ்வாறு செய்வோர் நான்கு நெறிகளைக் காத்தல் நன்று. கதை தமிழிலே பிறத்தல் வேண்டும். படம் குழந்தை அறிந்த உலகமாதல் வேண்டும். எழுத்து இரு பக்கத்திலும் ஒரே அளவினதாதல் வேண்டும். எழுதியதைத் தாய்மார் ஒருவரிடமேனும் வாய்விட்டுப் படித்துக்காட்டித் திருத்துதல் வேண்டும். இவற்றுள் கடைசி நெறியே தலையாயது. மலையகத்து ஆசிரியர்கள் வரும் தவணையிலேயே தத்தம் பாடசாலையில் இவ்வாறு ஒரு நூலையேனும் ஆக்கித் தருவார்களாக.