உப்பும் சர்க்கரையும்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும் எங்கள் செங்கோட்டையிலே பலர் காப்பியில் சர்க்கரையை விட்டுவிடுகிறார்கள். ஊறுகாயையும் அப்பளத்தையும் விடுவதில்லை. உப்புக்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லை என்பது அவர்கள் எண்ணம்.

சம்பந்தம் உண்டு. சிறுகுடலின் சுவரைக் குளுக்கோஸ் தனியே கடந்துவிடுவதில்லை. ஒரு மூலக்கூறுக்கு இரண்டு சோடியம் அயனிகள் துணை வருகின்றன. இந்தக் கூட்டுறவை இராபர்ட் கிரேன் 1960-ல் பிராக் நகரிலே எடுத்துரைத்தார். அதன் அருமை 1971-ல் விளங்கிற்று. வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதிகள் முகாமிலே காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் நீரில் கலந்து வாய்வழியே கொடுக்கச் செய்தார். ஏறத்தாழ 30 சதவிகிதமாக இருந்த மரணம் 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது!

“அப்படியானால் உப்பைக் குறைத்தால் சர்க்கரை உடம்பில் சேராதோ?” என்று வகுப்பு நண்பர் ஒருவர் கேட்டார். சேரும். குடலில் சுரக்கும் நீரிலேயே போதிய சோடியம் உண்டு. அந்தக் கனவு பலிக்காது.

உப்பு உடம்பைப் பெருக்கும் வழி வேறு. அது நாக்கின் வழி. உப்புக் கூடிய உணவை மனிதர்கள் ஏறத்தாழ 11 சதவிகிதம் அதிகமாக உண்டதாக 2016-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு கூறுகிறது. குற்றாலச் சாரலில் குளித்துவிட்டு வருபவர்களைப் பாருங்கள். பரோட்டா, சால்னா, பிறகு நேந்திரம் சிப்ஸ், உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிய மாங்காய். தொண்டை வறளும்போது கைக்கு எட்டுவது கோலா. 300 மில்லி கோலாவிலே ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை!

நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்று நடப் போகும் என் தாயார் நீராகாரத்தில் ஒரு கை உப்பைப் போட்டுக் குடித்துவிட்டுத்தான் வயலில் இறங்குவார். வெயிலிலே அது வியர்வையாய்ப் போய்விடும். எனக்கும் அதே கையால்தான் போடுகிறார். நானோ மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து பாடம் கேட்பவன். அவர் கை அளவு மாறவில்லை. பிள்ளையின் வேலை மாறிவிட்டது. இதை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஆனால் கல்லூரியிடம் சொல்லலாம். நம் சிற்றுண்டிச் சாலையில் பஜ்ஜி கிடைக்கிறது, புட்டியில் அடைத்த இனிப்புப் பானம் கிடைக்கிறது; தண்ணீருக்கு மட்டும் மைதானத்துக் குழாய் வரை நடக்க வேண்டும். பஜ்ஜித் தட்டு வைக்கும் மேசையருகே ஒரு மண்பானையும் இரண்டு தம்ளர்களும் வைக்க எவ்வளவு செலவாகும்?